புனிதத்துக்கு எத்தனை புள்ளி?

மூன்று நாளாக ஒரு கத்தோலிக்கப் பள்ளிப் பையனின் படம் என் முகநூல் மாதிரியான பக்கத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் அதற்கு இதயம் வேறு போட்டிருக்கிறீர்கள். கையில் 'இந்த மாதத்தின் புனித மாணவர்' சான்றிதழ், பின்னால் சுவரில் ஓர் அட்டவணை. திருப்பலிக்கு, அதாவது கோயில் பூசைக்கு, 5 புள்ளி, செபமாலைக்கு 3, 'பிறருக்கு உதவி'க்கு 2. பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்த 2 என்னை விடவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நில் என்றார்கள், நின்றான், பாவம். கத்தோலிக்கப் பள்ளி புனிதத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்றும் சொல்லவில்லை. பேசத்தான் வேண்டும், அதற்குத்தானே அந்தப் பள்ளி. நான் கேட்பது ஒன்றே ஒன்று: எண்ணாதீர்கள். எண்ணியே ஆக வேண்டுமென்றால் சுவரிலாவது ஒட்டாதீர்கள்.

எல்லாரும் புனிதத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலேயே எழுதி வைத்துவிட்டது. எல்லாரும் என்றால் மாதத்துக்கு ஒருவர் இல்லை. 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'அடுத்த வீட்டுப் புனிதர்கள்' என்று எழுதினாரே, அதில் கடைக்குப் போகும் ஒரு பெண் வருவாள். வழியில் தெரிந்தவள் ஒருத்தியைப் பார்க்கிறாள், பேச்சு மெல்ல ஊர் வம்புக்குத் திரும்புகிறது. யாரைப் பற்றியும் கெடுதலாகப் பேச மாட்டேன் என்று மனதுக்குள் முடிவு செய்கிறாள். வீட்டுக்கு வந்தால் பிள்ளை ஏதோ சொல்ல வருகிறது. அசதியாக இருந்தும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். புனிதம் என்று அவர் காட்டுவது இதைத்தான். (செபமாலையும் அதில் வருகிறது, நான் ஒன்றும் மறைக்கவில்லை.) வாயை மூடிக்கொண்டு வந்ததற்கு எத்தனை புள்ளி சிஸ்டர்? அதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் தலைமைச் சகோதரியின் பெயர்விழாவுக்கு 'ஆன்மீக மலர்ச்செண்டு' கொடுத்தோம். கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும்: அவருக்காக எத்தனை திருப்பலி கண்டோம், எத்தனை செபமாலை சொன்னோம் என்று பூ வரைந்த அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் சொன்னது ஒன்பது செபமாலை. ஒன்பதாவதில் மூன்றாம் மறையுண்மையோடு (ஒரு செபமாலையில் அப்படி ஐந்து பகுதி) தூங்கிவிட்டேன், ஆக எட்டரை. அட்டையில் 50 என்று எழுதினேன். என் பக்கத்தில் இருந்தவள் 4 என்று எழுதினாள். வகுப்பில் சத்தமாக வாசித்தார்கள். எனக்குக் கைதட்டல், அவளுக்குச் சிரிப்பு.

அந்த வாரத்தில்தான் ஒரு பிள்ளை வகுப்பிலேயே வாந்தி எடுத்தது. நாங்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினோம். அந்த 4 செபமாலைக்காரிதான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, தன் கைக்குட்டையை நனைத்து, முதலில் அந்தப் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். அப்புறம்தான் தரை. அந்த வரிசை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதை யாரும் எந்த அட்டையிலும் எழுதவில்லை. 50 என்ற பொய்யை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல இரண்டு வருடம் ஆனது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். 'குழந்தை தெரேசாவே மணிகளை நகர்த்தித் தன் தியாகங்களை எண்ணினாரே?' ஆமாம், பிரான்ஸ் நாட்டுப் புனிதரான அவர் எண்ணினார். நாலு வயதில். நல்ல கேள்வி, இரண்டு நாள் இதை யோசித்தேன். அந்த மணிகள் எங்கே இருந்தன? சட்டைப் பைக்குள். குழந்தை பைக்குள் கையை விட்டு ஒரு மணியை நகர்த்திவிட்டு விளையாடப் போய்விடும். வரவேற்பறையில் யாரும் மாட்டி வைக்கவில்லை. அதே தெரேசா மடத்தில் சேர்ந்த பிறகு, எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் ஒரு வயதான சகோதரியைத் தினமும் மாலையில் உணவறைக்கு நடத்திப் போவார். வேகமாக நடந்தால் திட்டு, மெதுவாக நடந்தாலும் திட்டு. உட்காரவைத்த பிறகு, அந்த அம்மாவுக்குக் கை சரியாக வராததைக் கவனித்து ரொட்டியையும் தயார் செய்து கொடுத்து, ஒரு புன்னகையும் செய்துவிட்டு வருவார். 24 வயதில் இறந்துபோன அவரை 1925இல் புனிதர் ஆக்கினார்கள். உங்கள் அட்டவணைப்படி அந்த ரொட்டிக்கு 2 புள்ளி.

'விளையாட்டுக்குப் பரிசு தருகிறோமே, இதற்கு ஏன் கூடாது?' ஓட்டப்பந்தயத்தில் நடிக்க முடியாது. அதனால்தான்.

'பிள்ளைகளுக்கு ஊக்கம் வேண்டாமா?' வேண்டும். இத்தாலியில் பையன்களுக்குப் பள்ளி நடத்திய தொன் போஸ்கோ என்ற குருவின் மாணவன் தோமினிக் சாவியோ, அவருடைய மறையுரையைக் கேட்டுவிட்டு, புனிதன் ஆகியே தீருவேன் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தான். படுக்கையில் கல்லும் மரத்துண்டும் போட்டுப் படுத்தான். தொன் போஸ்கோ அவனுக்குச் சான்றிதழா கொடுத்தார்? அதையெல்லாம் நிறுத்து, சந்தோஷமாக இரு, பாடத்தையும் செபத்தையும் ஒழுங்காகச் செய், கூட இருக்கிறவர்களுக்கு உதவு என்றார். ஊக்கம் என்றால் எனக்குத் தெரிந்து அதுதான்.

இன்னொன்று. வேறு மதப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளி என்றால் அவர்கள் அந்த அட்டவணையில் எங்கே நிற்பார்கள்? என்ன செய்தாலும் அந்த 2 புள்ளியைத் தாண்ட முடியாது. 'நீ எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் இவ்வளவுதான்' என்று சுவரிலேயே எழுதி வைத்த மாதிரி.

சரி, நீ என்ன கிழித்தாய் என்பீர்கள். ஏழு வருடம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது சமயப் பாடம், எடுத்தேன். வகுப்பு முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது கண்ணை மூடச் சொல்வேன். இன்று யாரைப் பார்த்தும் பார்க்காமல் போனாய் என்று ஒரே கேள்வி. பதில் கேட்கமாட்டேன். ஒருநாள் எல்லாரும் பையை மூட்டை கட்டும்போது, ஒரு பையன் தன் பைக்குள்ளிருந்து புது ஜியாமெட்ரி பாக்ஸ் ஒன்றை எடுத்து, முன் பெஞ்சுக்காரனின் திறந்த பைக்குள் மெதுவாக விட்டான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

இதை ஆசிரியர் கூட்டத்தில் சொன்னபோது, 'அறிக்கையில் காட்ட என்ன இருக்கிறது?' என்று கேட்டார்கள். அதே கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவந்த அக்கா ஒரு கோப்பையைத் தவறவிட்டார். ஐந்து நிமிடம் முன்பு கண்ணை மூடித் தொடக்க செபம் சொன்ன அதே வாய் அந்த அம்மாவை 'ஏய்' என்றது. வாசலில் நாலு பிள்ளைகள் நோட்டுக் கட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு அட்டவணை போடுகிறோம், சரி. ஆசிரியர் அறையிலும் ஒன்று ஒட்டலாமே? மாதத்தின் புனித ஆசிரியர்? யாராவது சம்மதிப்பீர்களா? நான் சம்மதிக்கமாட்டேன், எனக்கு 50 செபமாலைக் கதை இருக்கிறது.

அந்த வருடத்தோடு நான் விலகிவிட்டேன். 'சமாளிக்க முடியாமல் ஓடிவிட்டாள்' என்று ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இருக்கட்டும்.

கடைசியாக, 'நீங்கள் கோயில் பக்கமே வருவதில்லை, உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்' என்று நேற்று எழுதிய அண்ணனுக்கு. போன ஞாயிறு இரண்டாம் திருப்பலியில் உங்களுக்கு நேர் பின்வரிசையில்தான் இருந்தேன். எல்லாரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் உங்களுக்குச் சொல்லக் காத்திருந்தேன், நீங்கள் திரும்பவே இல்லை. அந்த 5 புள்ளியை மறக்காமல் என் பேரில் போட்டுவிடுங்கள்.