பறிக்கச் சொன்னீர்கள், பூட்டி வைக்க ஒரு பீரோ தந்தீர்களா?

அந்த வீடியோவை நான் மறுபடி இங்கே பகிரப்போவதில்லை. உங்களுக்கெல்லாம் எப்படியும் நான்கு குழுக்களிலாவது வந்திருக்கும். மகனின் போனை டீச்சர் பறித்து வைத்துவிட்டார் என்று ஆசிரியர் அறைக்குள் நின்று ஓர் அப்பா கத்துகிறார். பத்தாம் வகுப்புப் பையன் கதவோரம் நிற்கிறான். டீச்சர் எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், முடியாமல் நிறுத்திக்கொள்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். ‘சம்பளமும் வாங்கிக்கொண்டு போனையும் திருடுகிறார்கள்’ என்று ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறார். அதற்கு விருப்பம் போட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. பார்த்துவிட்டேன், கவலைப்படாதீர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். போனைப் பறிக்கச் சொல்லும் விதி இருக்கிறது. பறித்த போனை எங்கே வைப்பது, எதில் பூட்டுவது, யாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பித் தருவது என்ற பாதி எங்கள் பள்ளிக்கு இன்றுவரை வந்து சேரவில்லை. வராத அந்தப் பாதிக்காகத்தான் அந்த டீச்சர் திட்டு வாங்கினார்.

2022-இல் பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்த அன்பில் மகேஷ், மாணவர்கள் பள்ளிக்குச் செல்போன் கொண்டுவந்தால் பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்படாது என்று அறிவித்தார். நாளிதழ்களில் கொட்டை எழுத்தில் வந்தது, பெற்றோரும் கைதட்டினார்கள். சரி, திருப்பித் தராவிட்டால் அந்தப் போன் எங்கே போகும்? ஆண்டு விழாவில் ஏலம் விடுவோமா? நடைமுறையில் அது என் மேசை டிராயருக்குத்தான் வரும். அந்த டிராயருக்குப் பூட்டு கிடையாது. இழுத்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும், ஓங்கித் தள்ளினால்தான் மூடும். அதற்குள் சாக்பீஸ் துண்டுகள், யூனிட் டெஸ்ட் தாள்கள், கூடவே பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் போன். நான் கரும்பலகையில் முக்கோணவியல் போட்டுக்கொண்டிருக்கும்போது டிராயருக்குள்ளிருந்து அது நாதஸ்வரம் வாசிக்கும். வகுப்பே சிரிக்கும். அதன்பிறகு சைனும் இல்லை, காஸும் இல்லை.

போன வருடம் ஒரு பையனின் போனை இப்படி வாங்கி வைத்தேன். வாங்கும்போதே திரையின் மூலையில் விரிசல் இருந்தது, அதன்மேல் செல்லோடேப்பும் ஒட்டியிருந்தது. மாலையில் அம்மா வந்தார். ‘கொடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது டீச்சர்’ என்றார். பையன் தரையைப் பார்த்தான். தலைமையாசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டு, ‘எதற்கம்மா வம்பு, கொடுத்து முடித்துவிடுங்கள்’ என்றார். கொடுத்தேன். டிஸ்ப்ளே மாற்ற ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அந்த அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த ரசீதை எந்தத் துறையிடம் கொடுத்துப் பணம் வாங்குவது என்று விதி போட்டவர்கள் சொல்ல வேண்டும்.

உடனே வருவீர்கள், தெரியும். ‘டீச்சர்கள் மட்டும் வகுப்பில் போன் பார்க்கலாமா?’ பார்க்கிறோம் ஐயா. காலையில் எமிஸ் என்ற கல்வித் துறைச் செயலியில் வருகைப் பதிவு போடுவதற்காகப் பார்க்கிறோம். அது என் சொந்தப் போன், என் சொந்த ரீசார்ஜ். எங்கள் ஊரில் சிக்னல் வேப்பமரத்தடியில்தான் கிடைக்கும். இரண்டு டீச்சர்கள் மரத்தடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைத் தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டு, ‘டீச்சர் செல்பி எடுக்கிறார்’ என்று பேசியதும் என் காதுக்கு வந்தது. அதன்பிறகு புள்ளிவிவரப் படிவம், பயிற்சிக்கான இணைப்பு, வாட்ஸ்அப் குழுவில் ‘இன்று மாலைக்குள் அனுப்பவும்’ என்று ஓர் ஆணை. நாங்கள் போன் பார்க்காத நாளில் விளக்கம் கேட்பார்கள். பார்த்த நாளில் நீங்கள் வீடியோ எடுப்பீர்கள்.

‘அந்தக் காலத்தில் பிரம்பைக் கண்டாலே...’ என்று தொடங்குகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

‘பெண் பிள்ளைகள் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள், தனி வகுப்பு முடிந்து இருட்டிவிட்டால் எப்படி வீட்டுக்குச் சொல்வார்கள்?’ இது நியாயமான கேள்வி. பாடநூலிலேயே 14417, 1098 என்று உதவி எண்களை அச்சடித்துத் தருகிறோம். எதிலிருந்து அழைப்பாள் அந்தப் பெண்? ஒரு ரூபாய்க் காசு போட்டுப் பேசும் பெட்டி எங்கள் பஸ் நிலையத்திலிருந்து மறைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அதனால் போனே வரக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வரட்டும். காலையில் வாசலிலேயே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளட்டும், மாலையில் டோக்கனைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போகட்டும்.

இது என் கண்டுபிடிப்பில்லை. 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு கேந்திரிய வித்யாலயா மாணவரின் வழக்கில் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. முழுத் தடை நடைமுறைக்கு ஒத்துவராது, முடிந்த இடங்களில் காலையில் வாங்கி வைத்து மாலையில் கொடுங்கள், வகுப்பறையில் பயன்படுத்தவே கூடாது என்றது. பிரான்சில் 2018-இலேயே பள்ளியில் போனுக்குத் தடைச் சட்டம் போட்டார்கள். சட்டம் மட்டும் போதவில்லை என்றுதான் 2024-இல் சுமார் 200 பள்ளிகளில் காலையிலேயே போனை வாங்கி வைக்கும் முறையைச் சோதித்தார்கள். அவ்வளவு பெரிய நாட்டுக்கே அலமாரி தேவைப்படுகிறது. எங்களுக்கு மட்டும் சுற்றறிக்கை போதுமாம்.

தடையே வேண்டாம், பிள்ளைகள் போனில் படிப்பார்கள் என்று சொல்கிற நண்பர்கள் ஒரு நாள் என் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் வந்து உட்காருங்கள். கவனம் சிதறினால் மறுபடி பாடத்துக்குள் வர 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023 அறிக்கை சொல்கிறது. என் பாடவேளையே நாற்பது நிமிடம். எங்கள் பள்ளியில் ஒருவன் டிபன் பாக்ஸின் கீழ்த்தட்டில் புளிசாதம், மேல்தட்டில் பாலித்தீன் பையில் சுற்றிய போன் என்று கொண்டுவந்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கால்வாசியைக் கணக்கில் காட்டியிருந்தால் தொண்ணூறு வாங்கியிருப்பான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் பள்ளிகள் மூடியபோது வீடு வீடாகப் போய், ‘எப்படியாவது பிள்ளைக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுங்கள்’ என்று கெஞ்சியது யார்? நாங்கள்தான். கம்மலை அடகு வைத்து வாங்கிய வீடுகள் எனக்குத் தெரியும். அன்றைக்குப் பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னதும் நம் துறைதான். கொடுக்கச் சொன்ன அதே வாயால் இன்று பறிக்கவும் சொல்ல வேண்டியிருக்கிறது. பையன் என்னை நம்புவானா? அந்த அப்பா கத்தியதில் பாதிக் கோபம் இதுதானோ என்றுகூட யோசித்தேன். ஆனாலும் ‘நீ யார் என் பையன் போனைத் தொட?’ என்று ஒருமையில் கேட்டாரே, அதை யோசித்தெல்லாம் மன்னிக்க முடியவில்லை. அந்த டீச்சர் அவனுக்கு நான்கு வருடமாகப் பாடம் நடத்துகிறவர். காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது ஆட்டோ வைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டவர். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

சொல்லப் போனால் இப்போது போனைப் பற்றிக்கூட எனக்கு அக்கறை இல்லை. நாளையிலிருந்து எதையும் பார்க்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று பாடம் நடத்திவிட்டுப் போகலாம். யாரும் கத்த மாட்டார்கள். அப்படித் திரும்பிக்கொண்டவர்கள் எங்கள் ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார்கள். ரத்த அழுத்தம் எல்லாம் சீராக இருக்கிறது அவர்களுக்கு.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பூட்டு போட்ட ஒரு பீரோவும் நூற்றைம்பது டோக்கனும் ஒரு பதிவேடும் கேட்கப்போகிறேன். நிதி இல்லை என்பார்கள். உங்களில் யாரிடமாவது பழைய இரும்பு பீரோ இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வண்டி வாடகை நான் கொடுத்துக்கொள்கிறேன். ‘டீச்சரும் போன் பார்க்கிறாரே’ என்று மறுபடி எழுத வருகிறவர்கள், அப்படியே என் எமிஸ் ரீசார்ஜையும் போட்டுவிட்டு எழுதுங்கள்.