பாயும் கயிறும்

செல்வராஜ்: மேடம், டூர் பிளான் வாட்ஸப்ல வந்துருச்சுங்களா? நீங்க சொன்ன மாதிரியே ஞாயித்துக்கிழமை வியன்னாவுல கொயர் ஃபேக்டரி போட்டுட்டேனுங்க.

மியூசிக் டீச்சர்: என்ன ஃபேக்டரி?

செல்வராஜ்: கொயர் ஃபேக்டரிங்க. நீங்கதானே போன்ல 'பாய்ஸ் கொயர்' கட்டாயம் வேணும்னீங்க. பாய், கயிறு, ரெண்டும். பொள்ளாச்சிப் பக்கம் போனா ஊருக்கு பத்து இருக்குது, இதுக்கு எதுக்கு வியன்னான்னு நினைச்சேன். சரி, வெள்ளைக்காரன் கயிறு எப்படித் திரிக்கிறான்னு பிள்ளைங்க பார்க்கட்டும்னு விட்டுட்டேன்.

டீச்சர்: பாய்ஸ்னா பசங்க. கொயர்னா சேர்ந்து பாடற குழு. 1498-ல அரண்மனைக் கோயில்ல பாடறதுக்குன்னு ராஜா வெச்ச கூட்டம். அதோட வாரிசுதான் இந்தப் பசங்க.

செல்வராஜ்: அப்ப கயிறு இல்லைங்களா?

டீச்சர்: இல்லை.

செல்வராஜ்: பாயி?

டீச்சர்: செல்வராஜ் சார்.

செல்வராஜ்: சரிங்க சரிங்க. எங்க, எத்தனை மணிக்குப் பாடறாங்க?

டீச்சர்: ஹோஃப்பர்க் அரண்மனைக்குள்ள இருக்கிற சின்ன சர்ச். ஞாயிறு காலைல 9:15-க்கு மாஸ்.

செல்வராஜ்: கேக்கவே மாஸாத்தானுங்க இருக்குது.

டீச்சர்: பூசைங்க. திருப்பலி. செப்டம்பர்லேர்ந்து ஜூன் வரைக்கும்தான் பாடுவாங்க, நாம மே மாசம் போறதால தப்பிச்சோம். இசையமைப்பாளர் ஷூபர்ட் 11 வயசுல இந்த அரண்மனைப் பாடகர் கூட்டத்துலதான் சேர்ந்தாரு. நம்ம ஆறாங்கிளாஸ் பிள்ளைங்க வயசு.

செல்வராஜ்: அப்ப முன்வரிசையா புக் பண்ணிரட்டுமா? போட்டோ நல்லா வருமுங்க.

டீச்சர்: பாடற பசங்க பின்னாடி மேல மாடத்துல நிப்பாங்க. கீழ உக்கார்ந்தா பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது.

செல்வராஜ்: தெரியாதுங்களா? காசு கட்டிப் போயிட்டு பார்க்க முடியலைன்னா பேரண்ட்ஸுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?

டீச்சர்: பிள்ளைங்களுக்குக் காதும் இருக்குதுன்னு சொல்லுங்க.

செல்வராஜ்: சரி போட்டாச்சு. அப்ப ஞாயித்துக்கிழமை அவுட்லெட் மால் 4 மணி நேரத்தை மத்தியானத்துக்குத் தள்ளிரலாம்.

டீச்சர்: ஆஸ்திரியாவுல ஞாயித்துக்கிழமை கடை திறக்க மாட்டாங்க. பெரிய ரயில்வே ஸ்டேஷன்லயும் ஏர்போர்ட்லயும் இருக்கிற கடை தவிர மத்ததெல்லாம் பெரும்பாலும் ஷட்டர்தான். 32 பேரைக் கூட்டிட்டுப் போயி பூட்டு முன்னாடி 4 மணி நேரம் நிக்க வெக்கப் போறீங்களா?

செல்வராஜ்: 'போட்டோ ஸ்டாப்'னு மாத்திரலாமுங்க.

டீச்சர்: அதைப் பத்தித்தான் கேக்கணும்னு இருந்தேன். இதுல எத்தனை போட்டோ ஸ்டாப்? மியூசிக்ஃபெராயின், வெளிப்புறத் தோற்றம், 10 நிமிஷம். அந்த ஹால் 1870-ல திறந்தது. நீள டப்பா மாதிரி வடிவம், மரத்தரைக்கு அடியில வெறும் வெளி விட்டிருக்காங்க. வயலின் உடம்பு அதிர்ற மாதிரி மொத்த ஹாலும் சேர்ந்து அதிரும். அதை ரோட்டுல நின்னு பார்க்கிறது, வயலினைப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுப் பெட்டியைப் பார்க்கிற மாதிரி.

செல்வராஜ்: பில்டிங் வெளியில நல்லா இருக்குமுங்க. சிகப்பு, மஞ்ச...

டீச்சர்: அடுத்து சால்ஸ்பர்க். கெட்ரைடகாஸ 9-ம் நம்பர், மொசார்ட் பிறந்த வீடு. அதுவும் வெளிப்புறத் தோற்றம். அவர் சின்ன வயசுல வாசிச்ச வயலின் உள்ள இருக்குது, நம்ம அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்க வெச்சிருக்கிற சைஸ்ல. வயலின் படிக்கிற பிள்ளைக்கு அதைவிட வேற என்னங்க வேணும்? வெளிய என்ன தெரியும், மஞ்சச் சுவரு. அப்புறம் 'மொசார்ட் சமாதி, 10 நிமிஷம்'. எந்தச் சமாதி?

செல்வராஜ்: எத்தனை சமாதிங்க இருக்குது ஒரு ஆளுக்கு?

டீச்சர்: அவரைப் புதைச்சது வியன்னாவுல, சாங்க்ட் மார்க்ஸ் மயானத்துல, 1791 டிசம்பர்ல. சரியா எந்த இடம்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, குத்துமதிப்பா ஒரு கல் வெச்சிருக்காங்க. அதே ஊர்ல இன்னொரு பெரிய மயானத்துல பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் பக்கத்துல இருக்கிறது நினைவுச் சின்னம் மட்டும். ரெண்டுல எது?

செல்வராஜ்: பஸ் பார்க்கிங் எதுக்குக் கிட்டங்க?

டீச்சர்: சரி, ஒரு கேள்வி. இந்த 8 நாள்ல பிள்ளைங்க காதால இசை கேக்கப் போறது மொத்தம் எத்தனை மணி நேரம்?

செல்வராஜ்: நாள் பூராவுமே கேக்கலாமுங்க. பஸ்ல ஸ்பீக்கர் இருக்குது, நம்ம பாட்டே போடுவோம்.

டீச்சர்: இதுக்கு 'இசை - பண்பாட்டுப் பயணம்'னு தலைப்பு வேற.

செல்வராஜ்: போன வருசம் இதே பிளான் 'சயின்ஸ் டூர்'னு போச்சுங்க, நல்லாத்தான் இருந்துச்சு.

டீச்சர்: ஓபராவுக்கு, அதான் அந்தப் பாட்டு நாடகத்துக்கு வருவோம். வியன்னா ஸ்டேட் ஓபராவுல ஸ்டாண்டிங் டிக்கெட் போதும். 20 யூரோவுக்குள்ள முடிஞ்சிரும்.

செல்வராஜ்: நிக்கிறதுங்களா? அன்ரிசர்வ்டா? பேரண்ட்ஸ் ஆபீஸுக்கே வந்துருவாங்க மேடம்.

டீச்சர்: அங்க அதுக்குன்னே நூத்துக்கணக்குல இடம் இருக்குது. ஒவ்வொருத்தர் முன்னாடியும் சாய்ஞ்சுக்கக் கம்பி, அதுல வசனம் ஓடற சின்னத் திரை. வருசக்கணக்கா ஓபரா கேக்கிற பெரியவங்கெல்லாம் அங்கதான் நிப்பாங்க. டிக்கெட் அன்னன்னைக்குத்தான் விக்கறாங்க. உள்ள போனதும் கம்பியில ஸ்கார்ஃப் கட்டிட்டு வெளிய வந்துரலாம், உங்க இடத்தை ஒருத்தரும் தொட மாட்டாங்க.

செல்வராஜ்: நில்லுங்க, நில்லுங்க. துண்டு போட்டு இடம் பிடிக்கிறதுங்களா?

டீச்சர்: அதேதான்.

செல்வராஜ்: அட! அங்கேயும் துண்டுதானுங்களா! காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல நான் போடாத துண்டா? ஜன்னல் வழியா எறியலாமுங்களா?

டீச்சர்: உள்ள போயி கட்டணும்.

செல்வராஜ்: ஒரு ஆளு முன்னாடி ஓடிப்போயி 32 துண்டையும் கட்டிரலாமுல்ல?

டீச்சர்: ஆளுக்கு ஒரு டிக்கெட், ஆளுக்கு ஒரு இடம். மொசார்ட்டோட ஃபிகாரோ ஓபரா மாதிரி ஒண்ணுன்னா இடைவேளையோட 3 மணி நேரத்துக்கு மேல ஆகும், நல்ல ஷூ போடச் சொல்லணும். டவுசர் போட்டுட்டு வரக்கூடாது. அதைவிட முக்கியம், உங்க டின்னர். 7 மணிக்கு இந்தியன் டின்னர்னு எல்லா நாளும் போட்டிருக்கீங்க. அங்க ஓபராவும் கச்சேரியும் பெரும்பாலும் 7 இல்லைன்னா 7:30-க்கு ஆரம்பிக்கும். சாப்பாட்டை 5 மணிக்கு மாத்தாம டிக்கெட் வாங்கி ஒரு பிரயோஜனமும் இல்லை.

செல்வராஜ்: ஒரு கால் மணி நேரம் லேட்டாப் போனா என்னங்க?

டீச்சர்: கதவைச் சாத்திருவாங்க. இடைவேளைக்குத்தான் திறப்பாங்க. தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போயி காபி குடிச்சிட்டு வர்ற பழக்கமெல்லாம் நம்ம சபாவோட சரி.

செல்வராஜ்: அதானுங்க, ஒரு துண்டு போட்டு வெச்சுட்டா...

டீச்சர்: துண்டு இடத்தைத்தான் பிடிக்கும், கதவைத் திறக்காது. ஆறாம் நாளைப் பாருங்க. ஜூரிச்லேர்ந்து வியன்னா, ஒரே நாள், பஸ்.

செல்வராஜ்: 740 கிலோமீட்டர்ங்க. நம்ம டிரைவருங்க கோயமுத்தூர்-திருப்பதி விடிய விடிய ஓட்டறாங்க.

டீச்சர்: அங்க நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் வண்டியை நிறுத்தியே ஆகணும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10. அதுக்கப்புறம் சாதாரணமா 11 மணி நேர ஓய்வு. வண்டியில இருக்கிற டேக்கோகிராஃப் கருவியில ஒவ்வொரு நிமிஷமும் பதிவாகும். வழியில ஒரு டிராஃபிக் ஜாம் வந்தா, வியன்னா தெரியற தூரத்துல வண்டியை ஓரங்கட்டிட்டு இறங்கிருவாரு.

செல்வராஜ்: 200 யூரோ குடுத்தா?

டீச்சர்: அபராதம் அதைவிட ஜாஸ்தியாக்கூட வரும். அடுத்து, செல்லோவுக்கு ஒரு சீட் போடுங்க.

செல்வராஜ்: அந்தப் பாப்பா பாஸ்போர்ட் காப்பி இன்னும் வரலீங்களே.

டீச்சர்: எந்தப் பாப்பா?

செல்வராஜ்: செல்லோ பாப்பா. பேரு இனிஷியலோட சொல்லுங்க. சாப்பாடு வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?

டீச்சர்: செல்லோங்க. வாத்தியம். வயலினோட அண்ணன். லக்கேஜ்ல போட்டா கழுத்து முறிஞ்சிரும், அதனால பக்கத்து சீட்டுக்கு டிக்கெட் எடுத்து பெல்ட் போட்டுக் கூட்டிட்டுப் போகணும். எமர்ஜென்சி கதவு வரிசையில குடுக்க மாட்டாங்க, ஜன்னலோரமாப் போடணும். ஏர்லைன்ஸுக்கு முன்னாடியே எழுதி ஒப்புதல் வாங்கணும், கவுண்டர்ல போயி பேச முடியாது. கட்டுப்படியாகலைன்னா வியன்னாவுலயே வாடகைக்கு எடுத்துக்கலாம். வில்லை மட்டும் கைல கொண்டு போவோம்.

செல்வராஜ்: வாடகையே எடுத்துரலாமுங்க. சாப்பிடாத ஆளுக்கு முழு டிக்கெட்டுன்னா மனசு கேக்கலை.

டீச்சர்: நெய் டின் கொண்டு போக வேண்டாம்னு எல்லாருக்கும் சொல்லுங்க. பால் சம்பந்தப்பட்டது எதையும் ஐரோப்பாவுக்குள்ள விட மாட்டாங்க. பால்கோவா, நெய், தயிர், எல்லாம் குப்பைத்தொட்டி. பருப்புப்பொடி, ஊறுகாய் பரவாயில்லை, செக்-இன் பெட்டியில வெக்கட்டும். இப்ப பில்லு. விசா கட்டணம், 32 பேருக்குத் தலா 90 யூரோ. 2,880 யூரோ. எதுக்கு?

செல்வராஜ்: விசாவுக்குத்தானுங்க. 12 வயசுலேர்ந்து 90.

டீச்சர்: பள்ளிக்கூடப் பிள்ளைங்களும் கூடப் போற டீச்சர்களும் படிப்பு சம்பந்தமாப் போனா அந்தக் கட்டணம் கிடையாது. ஷெங்கன் விசா, அதான் இந்த ஐரோப்பிய நாடுகளோட பொது விசா, அந்தச் சட்டத்துலயே இருக்குது. விண்ணப்பம் வாங்கற சென்டரோட சர்வீஸ் சார்ஜ் மட்டும்தான்.

செல்வராஜ்: இருக்குதுங்க, ஆனா அது கல்விப் பயணத்துக்கு மேடம். பிளானைக் கேப்பாங்க. இந்தப் பிளானைக் கொண்டு போயி நீட்டினா, இதுல கல்வி எங்கய்யா இருக்குதுன்னு...

டீச்சர்: சொல்லுங்க, ஏன் நிறுத்திட்டீங்க?

செல்வராஜ்: இல்லைங்க...

டீச்சர்: இதைத்தான் நானும் அரை மணி நேரமாக் கேட்டுட்டு இருக்கேன். ஒரு லட்சம், ரெண்டு லட்சம்னு கடன் வாங்கிக் கட்டறாங்க, பிள்ளை இசை படிக்குதேன்னு. நீங்க அதுங்களைப் பஸ்லயும் கடையிலயும் உக்கார வெச்சுத் திருப்பி அனுப்பறீங்க.

செல்வராஜ்: சரிங்க மேடம், கோவிச்சுக்காதீங்க. இப்பவே அடிச்சுடறேன். பாரிஸ் அவுட், ஆம்ஸ்டர்டாம் அவுட், ஜூரிச் அவுட். வியன்னா 4 நாளு, சால்ஸ்பர்க் 2, பிராக் 2. சால்ஸ்பர்க்குக்கு ரயில்.

டீச்சர்: ரெண்டரை மணி நேரம்தான். பிராக்ல எஸ்டேட்ஸ் தியேட்டர் போடுங்க, வெளிப்புறம் இல்லை, உள்ள. 1787-ல 'டான் ஜியோவான்னி' ஓபராவை மொசார்ட் முதல்முதலா அங்கதான் நடத்தினாரு, அதே கட்டடம் இன்னும் நிக்குது.

செல்வராஜ்: உள்ள, போட்டாச்சு. டின்னர் 5 மணி, போட்டாச்சு. ஞாயிறு பூசை, போட்டாச்சு. ஓபரா ஸ்டாண்டிங். துண்டு நம்ம கம்பெனி கிஃப்ட்டுங்க, சென்னிமலையில மொத்த விலைக்குப் பேசிக்கிறேன். 32-ங்களா, செல்லோவுக்கும் சேர்த்து 33-ங்களா?

டீச்சர்: வாத்தியம், கோட்டு, பெரிய பை எல்லாத்தையும் வாசல்லயே குடுத்துட்டுத்தான் உள்ள போகணும்.

செல்வராஜ்: அப்ப 32. ஆனா மேடம், வழவழன்னு இருக்கிற கம்பியில துண்டு நழுவிருமுங்களே.

டீச்சர்: ரெண்டு முடிச்சுப் போட்டா நழுவாது.

செல்வராஜ்: எதுக்கும் ஆளுக்கு ஒரு முழம் கயிறு குடுத்து அனுப்பிரலாமுங்க. பொள்ளாச்சியில ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கேன்.