வயதைக் கூட்டிச் சொன்னதால் கலியாணம் இல்லாமற் போய்விடுமா?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு அம்மா, இறந்த கணவரின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு விவாகச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். 1987இல் பதிவுத் திருமணம் செய்தபோது அவருக்கு வயது 17. தகப்பனார் சம்மதிக்கமாட்டார் என்பதால் 21 என்று சொல்லிப் பதிந்திருக்கிறார்கள். கணவரின் பெயரில் உள்ள வீட்டைக் குறிவைத்த கொழுந்தனார், இந்த நான்கு வயது வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டு, "உங்கள் கலியாணமே செல்லாது" என்று சொல்லியிருக்கிறார். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, கடைசிக் காலத்தில் கணவரைத் தூக்கி இருத்திப் பராமரித்த ஒருவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

கொழுந்தனார் சொன்னது சட்டப்படியும் பிழை. இலங்கையின் பொதுவான திருமணச் சட்டமான 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் பெண்ணுக்கான ஆகக் குறைந்த வயது, இன்று கேட்க நெஞ்சு பதறினாலும், 1995 வரை 12ஆகவே இருந்தது. இருவருக்கும் 18 பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்று 1995இல் வந்த திருத்தம், தான் நடைமுறைக்கு வந்த பின் செய்யப்படும் விவாகங்களைப் பற்றியே பேசுகிறது, முந்தியவற்றைத் தொடவில்லை. 1987இல் பராயமடையும் வயது, அதாவது ஒருவர் சட்டப்படி பெரியவராகும் வயது, 21 ஆகையால் பெற்றோரின் சம்மதம் வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் விவாகம் பதியப்பட்ட பின், அந்தச் சம்மதம் கிடைக்கவில்லை என்று காட்டி அது செல்லுமா என்று கேள்விக்குட்படுத்தச் சாட்சியம் அளிக்க அதே கட்டளைச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பதிவாளரிடம் பொய் சொன்னது குற்றமாகலாம். அது வேறு விடயம்.

என்னை அதிகம் வருத்துவது 1995க்குப் பிந்திய திருமணங்கள். போர்க்காலத்தில் வன்னியில் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு வயதைக் கூட்டிச் சொல்லி அவசரமாகக் கட்டிவைத்த பெற்றோரை நாங்கள் எல்லோரும் அறிவோம். உண்மை வயது வெளிவந்தால் அந்த விவாகங்கள் வலிதற்றவை, அதாவது செல்லாதவை. இருவரும் உயிரோடிருந்தால் இன்று மீண்டும் பதிந்துகொள்ளலாம். கணவன் இறந்தோ காணாமலாக்கப்பட்டோ போன பெண் யாருடன் போய்க் கையெழுத்திடுவாள்?

கண்டிச் சிங்களவருக்கான கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. உரிய வயதை அடைந்த பின் ஓராண்டு கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால், அல்லது அந்த வயதுக்கு முன்பே அவர்களுக்குக் குழந்தை பிறந்திருந்தால், வயதுக் குறைவைக் காரணங்காட்டி அந்த விவாகத்தைச் செல்லாததாக்க முடியாது. பொதுச் சட்டத்தின் கீழ் மணமுடித்த எங்கள் பெண்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குழந்தை பிறந்துவிட்டது என்பதையே காரணமாக்குவதை நான் ஏற்கமாட்டேன், அது சிறுமிகளைக் கட்டிவைக்க நினைப்பவர்களுக்குத் துணைபோகும். 18 என்ற எல்லையும் ஒரு நாள்கூடக் குறையக்கூடாது. நான் கேட்பது, போர் முடிந்த 2009ஆம் ஆண்டு வரை நடந்த திருமணங்களுக்கு மட்டும், அதுவும் மனைவியோ பிள்ளைகளோ கோரினால் மட்டும், 18 வயதுக்குப் பின் சேர்ந்து வாழ்ந்ததை ஏற்று வலிதாக்கும் ஒரு திருத்தத்தை. கணவனோ அவன் உறவினரோ அதைப் பயன்படுத்த இடமிருக்கக்கூடாது.

அந்த அம்மாவை ஒரு சட்டத்தரணியிடம் அழைத்துச் சென்றேன். உயில் இல்லாதபடியால் வீட்டில் பாதி அவருக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் சேரும் என்று கேட்ட பிறகுதான், அவர் அந்த இரண்டு சான்றிதழ்களையும் மடித்துப் பைக்குள் வைத்தார்.