ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, ஓடிபி வந்ததா என்றுதான் கேட்கிறார்கள்

வயதானவர்கள் வண்டி ஓட்டலாமா கூடாதா என்று யாராவது பேச்சை எடுத்தால் போதும், அடுத்த நிமிடமே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். எழுபது தாண்டினால் சாவியைப் பிடுங்கி வைத்துவிட வேண்டும் என்று ஒரு கட்சி. ஐம்பது வருடம் ஓட்டியவரை நேற்று லைசென்ஸ் வாங்கிய பொடியன் கேள்வி கேட்பதா என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் சேர மனமில்லை. என் கோபம் வேறு. லைசென்ஸ் புதுப்பித்தல் என்ற பெயரில் பல நாடுகளில் இப்போது நடப்பது, அந்த மனிதரால் வண்டி ஓட்ட முடிகிறதா என்று பார்க்கும் வேலையே இல்லை. இணையதளத்தோடு மல்லுக்கட்ட அவரால் முடிகிறதா, இல்லாவிட்டால் அவருக்காக மல்லுக்கட்ட வீட்டில் ஓர் ஆள் இருக்கிறதா, இதைத்தான் பார்க்கிறார்கள்.

இதில் என்ன ஆகிறது என்றால், கண் பாதி போன ஒருவர், கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால், சோபாவை விட்டு எழுந்திருக்காமலே இன்னும் சில வருடங்களுக்கு லைசென்ஸ் வாங்கிவிடுகிறார். தனியாக இருக்கும் ஒரு பாட்டி, இருட்டினால் வண்டியைத் தொடமாட்டார், மழை வந்தால் எடுக்கமாட்டார், அத்தனை ஜாக்கிரதை, அவருடைய லைசென்ஸ் ஒரு போட்டோ பதிவேறாததால் காலாவதி ஆகிறது. இந்த வடிகட்டி யாரை நிறுத்துகிறது, யாரை உள்ளே விடுகிறது என்று யாராவது யோசித்தார்களா?

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 70 வயதில் லைசென்ஸ் முடிகிறது, அதன்பின் 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. நல்ல விஷயம்தான். ஆனால் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை, எல்லோரும் டாக்டரிடம் போயாக வேண்டும் என்பதும் இல்லை. 20 மீட்டர் தூரத்தில் இருக்கும் நம்பர் பிளேட்டை என்னால் படிக்க முடியும், இன்னின்ன நோய் எனக்கு இல்லை என்று அவரே சொன்னால் சரி. 2019 ஜனவரியில் எலிசபெத் ராணியின் கணவர் இளவரசர் பிலிப் சாண்ட்ரிங்கம் அருகே ஓட்டிப்போன கார் இன்னொரு காரோடு மோதிக் கவிழ்ந்தபோது அவருக்கு வயது 97. அடுத்த மாதம் அவராகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். மோதிய அன்றைக்குக் கையில் லைசென்ஸ் இருந்தது, அதைத்தான் சொல்கிறேன்.

இந்தியாவில் கதை கொஞ்சம் வேறு மாதிரி. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 55 தாண்டியவர்களுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. 40 தாண்டினாலே டாக்டர் கையெழுத்திட்ட 1ஏ படிவம் வேண்டும். அந்தப் படிவத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள், நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா. கையெழுத்துப் போடுகிறவர் எதிரே உட்கார்ந்திருப்பவரை நிமிர்ந்தாவது பார்க்கிறாரா என்பதுதான் சந்தேகம். அது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, வாங்கியவர்களுக்குத் தெரியும்.

சரி, கடுமையாக இருந்தால் தீர்ந்துவிடுமா? ஜப்பானில் 75 தாண்டியவர்களுக்கு நினைவாற்றல் சோதனை உண்டு. 16 படங்களைக் காட்டி, கொஞ்சம் கழித்து என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். இன்று என்ன தேதி, என்ன கிழமை என்றும் கேட்பார்கள். 2019 ஏப்ரலில் தோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயதுக்காரர் ஓட்டிய கார் பாய்ந்து ஒரு தாயும் மூன்று வயது மகளும் இறந்துபோனார்கள். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறார் என்றது நீதிமன்றம், 5 வருடச் சிறை. நாடே ஆடிப்போனது. அந்த ஒரே வருடத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தாங்களாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2022-இல் இருந்து, 75 தாண்டி, குறிப்பிட்ட போக்குவரத்துத் தவறுகள் செய்தவர்கள் நிஜமாகவே ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. வயதை மட்டும் பார்த்து எல்லோரையும் கூண்டில் ஏற்றாமல், தப்பு செய்தவரைப் பக்கத்தில் ஆள் உட்காரவைத்து ஓட்டச் சொல்கிறார்கள்.

சோதனை என்று எதையாவது வைத்துவிட்டால் சாலை பத்திரமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் டென்மார்க்கைப் பார்க்க வேண்டும். அங்கே 2006-இல் முதியவர்களுக்கு லைசென்ஸ் புதுப்பிக்க அறிவாற்றல் சோதனை வைத்தார்கள். கடிகாரம் வரைந்து காட்டு என்பது போல. பிறகு முன்னும் பின்னும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, முதிய ஓட்டுநர்களின் உயிரிழப்பு விபத்துகள் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. மாறாக, காருக்கு வெளியே இருந்த முதியவர்கள், அதாவது நடந்து போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், அவர்கள் இறப்பதுதான் கூடியிருந்தது. யோசித்தால் புரிகிறது. காரைப் பிடுங்கினால் அவர் வீட்டில் உட்கார்ந்துவிடப் போவதில்லை. மருந்து வாங்க வேண்டும், வங்கிக்குப் போக வேண்டும், நடந்தோ சைக்கிளிலோ அதே சாலைக்குத்தான் வருகிறார், இந்த முறை சுற்றிலும் இரும்பு இல்லாமல்.

அதனால் எல்லோருக்கும் பரீட்சை வை என்று நான் சொல்லவில்லை. பரீட்சை என்று ஒன்று வைத்தால் அது வண்டி ஓட்டுவது பற்றியதாக இருக்கட்டும் என்கிறேன்.

எங்கள் பெரியப்பாவுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் கேப்சா, நாம் மனிதர்தானா இயந்திரமா என்று சோதிக்கும் படப் புதிர். சிக்னல் இருக்கும் கட்டங்களை எல்லாம் அழுத்தச் சொன்னது. வாழ்நாள் முழுக்க சிக்னலில் நின்று கிளம்பிய மனிதர், அந்தக் கம்பத்தின் ஓரம் கால்வாசி வந்திருக்கும் கட்டத்தையும் அழுத்த வேண்டுமா வேண்டாமா என்று திரையில் மூக்கு முட்டும்படி குனிந்து பார்க்கிறார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அப்புறம் போட்டோ. பெரிதாக இருக்கிறது என்றது. குறைத்துப் போட்டால் சிறிதாக இருக்கிறது என்றது. எவ்வளவுதான் வேண்டும் என்பதை மூன்று பக்கம் தள்ளி ஒரு மூலையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பெயர். பழைய லைசென்ஸில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, அடையாள அட்டையில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தான் என்று அந்தத் தளத்துக்குப் புரியவைக்க வழியே இல்லை. ஓடிபி போனது எங்கே? பெரியப்பா எப்போதோ விட்டுவிட்ட பழைய எண்ணுக்கு. எண்ணை மாற்றலாம் என்று போனால், மாற்றுவதற்கும் அதே பழைய எண்ணுக்கு ஓடிபி வருமாம்!

"இதுல நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் அந்த ஒவ்வொரு சிவப்பு எழுத்தும் அவரைத்தான் திட்டுவது போல அவருக்குப் படுகிறது. இளசுகளுக்கு அப்படித் தோன்றுவதில்லை, நாம் சைட் சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவோம்.

ஆனால் என்னை உறுத்தியது இது எதுவும் இல்லை, அதற்கப்புறம் வந்த பக்கம். உடல்நிலை பற்றிய கேள்விகள். வலிப்பு உண்டா, மயக்கம் வருமா, பார்வையில் குறை உண்டா, எல்லாவற்றுக்கும் ஆம் இல்லை என்று இரண்டு வட்டம். வேறு ஊரில் இருக்கும் அண்ணன் போனில் ஸ்பீக்கரில் இருந்தான். "எல்லாத்துக்கும் நோ போட்டுட்டு அடுத்த பக்கம் போ, இல்லன்னா மறுபடி டைம் அவுட் ஆயிடும்" என்றான். அவன் மீது தப்பில்லை, அந்தத் தளத்தோடு அரை நாள் போராடிய எவரும் அதைத்தான் சொல்வார்கள். பெரியப்பா மட்டும், "கண்ணுல சொட்டு மருந்து விடறேனே, அத எங்க எழுதணும்?" என்று கேட்டார்.

எழுத இடமே இல்லை. அந்த ஒரு கேள்விதான் அன்றைக்கு முழுவதும் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அதற்குத்தான் பெட்டி கிடையாது.

அந்தச் சொட்டு மருந்து கண் அழுத்தத்துக்கு. கிளாக்கோமா. அது எப்படிப்பட்ட நோய் என்றால், நேராகப் பார்க்கும் பார்வையைக் கடைசி வரை விட்டுவைத்துவிட்டு, ஓரப் பார்வையைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டே வரும். நம்பர் பிளேட்டைக் கடகடவென்று படித்துவிடுவார். பக்கத்துச் சந்திலிருந்து ஓடிவரும் குழந்தை தெரியாமல் போகலாம். கண்புரை இன்னொரு தினுசு: பகலில் ஓரளவு சமாளித்துவிடலாம், இரவில் எதிரே வரும் ஹெட்லைட் வெளிச்சம் கண் முழுக்கச் சிதறும். நல்ல பகல் வெளிச்சத்தில் படிக்கச் சொல்லும் சோதனையில் இது பிடிபடாது. சர்க்கரை நெடுநாள் இருந்தால் பாதம் மரத்துப்போகலாம், எந்தப் பெடல் மீது கால் இருக்கிறது என்பதே சரியாகத் தெரியாது. தூக்க மாத்திரை, சில சளி மாத்திரைகள் மறுநாள் காலை வரை மந்தமாக வைத்திருக்கும். வயதானால் இவை கூடுதலாக வரும்தான், ஆனால் வயதை மட்டும் வைத்து யாருக்கு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஐம்பதில் வருகிறவர்களும் உண்டு, எண்பத்தைந்தில் ஒன்றும் இல்லாதவர்களும் உண்டு. ஓரப் பார்வை குறைந்திருப்பது, ஒரு கண் டாக்டர் பார்வைப் புலத்தை, அதாவது எவ்வளவு அகலத்துக்குக் கண் தெரிகிறது என்பதைச் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம், அதை ஆம் இல்லை என்ற வட்டத்தில் கேட்டு, அதையும் மகன் கையில் கொடுத்து அழுத்தச் சொல்கிறோம்.

இன்னொன்று. லைசென்ஸ் என்றால் முழுசாக இருக்கும், இல்லாவிட்டால் முழுசாகப் போகும் என்று ஏன் இருக்க வேண்டும்? ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 75-இலிருந்து வருடா வருடம் மருத்துவப் பரிசோதனை. 85 ஆனால், கட்டுப்பாடில்லாத லைசென்ஸ் வேண்டுமென்றால் 2 வருடத்துக்கு ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும். வேண்டாம், வீட்டைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்குள் ஓட்டினால் எனக்குப் போதும் என்றால், கட்டுப்பாடு போட்ட லைசென்ஸ் எடுத்துக்கொள்ளலாம், அப்போது ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த பெரியவர்கள் பலரும் ஏற்கெனவே அப்படித்தான் ஓட்டுகிறார்கள், சட்டம் சொல்லாமலே. நெடுஞ்சாலை வேண்டாம், ஆறு மணிக்கு மேல் வேண்டாம், வலதுபுறம் திரும்ப வேண்டிய அந்தப் பாழாய்ப்போன சந்திப்பு வேண்டாம், சுற்றிக்கொண்டு போவோம். இந்த நிதானத்தைச் சட்டம் மதித்து எழுதிக்கொடுத்தால், அப்பாவிடம் சாவியைக் கேட்கும் சண்டை பாதி வீடுகளில் நடக்காது.

இப்போது சிலர் வருவார்கள், எல்லாவற்றையும் ஆன்லைனில் கொண்டுவந்ததால்தானே வரிசை ஒழிந்தது, புரோக்கர் ஒழிந்தான் என்று. வரிசை ஒழிந்தது, ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் அது வசதிதான். புரோக்கர் எங்கே ஒழிந்தான்? கவுண்டர் வாசலில் நின்றவன் கூகுள் தேடலின் முதல் வரியில் வந்து உட்கார்ந்திருக்கிறான். பிரிட்டனில் 70 தாண்டியவர்களுக்கு இலவசமாக நடக்க வேண்டிய அதே புதுப்பிப்புக்கு, அரசுத் தளம் போலவே நீல வண்ணம் பூசிக்கொண்டு பணம் வாங்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. மாட்டுகிறவர்கள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? இணைய முகவரியின் வால் பகுதியைப் படித்துச் சரிபார்க்கும் பழக்கம் எத்தனை பெரியவர்களுக்கு உண்டு?

காகித விண்ணப்பம் பிரிட்டனில் இன்னும் இருக்கிறது. 70 நெருங்கும்போது 90 நாள் முன்னால் தபாலில் வீட்டுக்கே படிவம் வருகிறது, நிரப்பித் திருப்பி அனுப்பலாம். வேறு பல இடங்களில் அந்த வழி இருந்தாலும் யாரும் சொல்வதில்லை, "ஆன்லைன்ல போடுங்க" என்று ஒரே வாக்கியத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு கவுண்டர், ஒரு நாற்காலி, பெயரில் இனிஷியல் மாறியிருந்தால் முகத்தைப் பார்த்து "சரி, நீங்கதான்" என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஒரு மனிதர், இதைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. அந்த மனிதர் எதிரே இருந்தால் அவர் இன்னொன்றையும் பார்த்திருப்பார்: வந்தவர் நாற்காலியை எப்படித் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார், கேட்ட கேள்வியை எத்தனை முறை திரும்பக் கேட்டார் என்று. எந்தத் தளத்துக்கும் அது தெரியாது.

பிள்ளைகளுக்கு, குறிப்பாக தூரத்தில் இருந்து அப்பா அம்மாவுக்கு எல்லாவற்றையும் போனிலேயே முடித்துக் கொடுப்பவர்களுக்கு: அந்த இல்லை என்ற வட்டத்தை அழுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை, பொழுது சாயும் நேரத்தில், அவர் ஓட்ட நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போய்விட்டு வாருங்கள். வாயைத் திறக்காமல். வண்டியின் மூலைகளில் புதுக் கீறல்கள் இருக்கிறதா என்று பாருங்கள். கண் டாக்டரிடம் கூட்டிப்போய், இவர் வண்டி ஓட்டுகிறார் என்பதை நீங்களே சொல்லுங்கள், பல டாக்டர்களுக்கு அது தெரிந்திருக்காது, கேட்டிருக்கவும் மாட்டார்கள். நன்றாக ஓட்டுகிறார் என்றால் அதையும் வாய்விட்டு அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் லைசென்ஸை எடுத்து எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். இந்தியாவில் முடிவதற்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்கலாம், முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டி வரும். காலாவதியான லைசென்ஸோடு ஓட்டி எங்காவது இடித்துவிட்டால் காப்பீட்டுக்காரர் முதலில் தேடுவது அந்தத் தேதியைத்தான். பதிவில் இருப்பது பழைய கைபேசி எண் என்றால் அந்த சிம் செத்துப்போவதற்குள் மாற்றிவிடுங்கள்.