அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு

போன வாரம் மதுரை வில்லாபுரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்குப் பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை உறுதியாகியிருக்கிறது. இங்கே 24,000 வாங்குகிறவருக்கு அங்கே 38,000. "மச்சான், மாசம் பதினாலாயிரம் கூட. பிள்ளையையும் அங்கேயே நல்ல ஸ்கூல்ல சேத்துரலாம்" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 2018-லிருந்து ஐந்து வருஷம் பெங்களூரில் குடும்பம் நடத்திவிட்டு ஊர் திரும்பியவன் நான். அந்தப் பதினாலாயிரம் வீடு வந்து சேராது என்று எனக்குத் தெரியும்.

முதலில் அட்வான்ஸ். நான் போனபோது 15,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள், ஒன்றரை லட்சம். அம்மாவின் சங்கிலியும் மனைவியின் வளையலும் அடகுக்குப் போயின. அவற்றை மீட்க இரண்டரை வருஷம் ஆனது. வீட்டைக் காலி செய்தபோது பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 2017-ல் வந்த வாடகைச் சட்டம், இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாதம்தான் என்கிறது. ஆனால் அது மாதிரிதான், மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் சட்டம். குருவி சேர்க்கிற மாதிரிச் சேர்த்த பணத்தை வட்டியில்லாமல் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, அதற்காக நாம் வட்டி கட்டுவது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சாமான் ஏற்றிய கதை சுருக்கமாக: 22,000 என்று பேசி, லாரியில் எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு 31,000 கேட்டார்கள். கட்டில் பீரோவெல்லாம் வண்டிக்குள் இருக்கும்போது என்ன பேச முடியும்? கொடுத்தேன். பேசிய தொகையை எழுத்தில் வாங்காமல் ஒரு பாத்திரத்தைக்கூட ஏற்ற விடாதீர்கள்.

அப்புறம் பைக். ஒரு மாநில வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும் என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அதற்கு இங்கே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். இங்கே ஏற்கெனவே கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்கானதைத் தனியாக விண்ணப்பித்துத் திரும்பக் கேட்க வேண்டும். நான் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, பெட்ரோலை வடித்து, சாக்குச் சுற்றி, ரயில் பார்சலில் வண்டியை மதுரைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத பி.எச். (பாரத்) வரிசை எண் 2021-ல் வந்ததே என்று கேட்பீர்கள். அது அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது கிளை வைத்திருக்கும் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கும்தான். ஒரே ஷெட்டில் நடக்கும் கம்பெனிக்குப் போகிற மாப்பிள்ளைக்கு அது கிடையாது. இந்தச் சலுகை யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு இல்லை என்பது தப்பு. மிச்ச வரியை இரண்டு மாநிலங்களும் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும், வண்டிக்காரர் எதற்கு நடுவில் அலைய வேண்டும்?

மாப்பிள்ளையின் கணக்கை ஒரு நோட்டில் போட்டுப் பார்த்தோம். வாடகை இங்கே 7,000, அங்கே பார்த்த வீடு 16,000. பதினாலாயிரத்தில் ஒன்பதாயிரம் அதிலேயே போயிற்று. பிள்ளைக்குத் தனியார் பள்ளி, வேன் எல்லாம் சேர்த்து மாதம் 3,000-க்குக் குறையாது. கர்நாடகத்தில் தொழில் வரி மாதம் 200. ஆறு மாத அட்வான்ஸ் 96,000, இங்கே திரும்பி வருவது 30,000. மிச்சத்துக்கு நகைக்கடன், அதற்கு மாதம் அறுநூறு வட்டி. கையில் நிற்பது 1,200. சித்திரைத் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மூன்று பேர் ஊர் வந்து போனால் அதுவும் இல்லை.

இன்னும் ரேஷனைச் சேர்க்கவில்லை. 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் 2020 அக்டோபரிலேயே தமிழ்நாடு சேர்ந்துவிட்டது. ஆனால் அதில் வெளிமாநிலத்தில் கிடைப்பது மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் தானியம் மட்டும். கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்று இருந்தால் கிடைக்கும். தங்கச்சி கார்டில் என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றிருக்கிறது, அது தமிழ்நாடு அரசு தன் காசில் கொடுப்பது. 30 ரூபாய் துவரம் பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் எந்தக் கார்டுக்கும் எல்லை தாண்டி வராது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் இந்த ஊர்க் கார்டை வைத்துத்தான். பெங்களூரில் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்றாலும், கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். பி.எஃப். எண் மட்டும் எந்த மாநிலம் போனாலும் கூடவே வருகிறது. மத்திய அரசால் அதைச் செய்ய முடிகிறது என்றால் மற்றவற்றையும் செய்யலாம்.

இதெல்லாம் போனால்கூடச் சம்பாதித்துக்கொள்ளலாம். என் கவலை மருமகளைப் பற்றி. எட்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி. டாக்டராகணும் என்று என்னிடம் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பொறியியலுக்கும் 2021-ல் இதே ஒதுக்கீடு வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். எட்டாம் வகுப்பில் டி.சி. வாங்கினால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். பிறகு மதுரைக்கே திரும்பி வந்து சேர்த்தாலும் நடுவில் விட்ட வருஷத்தை யாரும் ஒட்டித் தர மாட்டார்கள். இதை நான் சொன்னபோது மாப்பிள்ளை நோட்டை மூடிவிட்டார். "இத யாரும் எங்கிட்ட சொல்லல மச்சான்."

வேலைக்குப் போகத்தான் வேண்டும். அவர் தொழிலுக்கு மதுரையில் இதற்கு மேல் சம்பளம் இல்லை. தனியாகப் போய் அறையில் தங்கட்டும் என்றால் தங்கச்சிக்கு மனசில்லை, எனக்கும் இல்லை.

அப்போதுதான் ஓசூர் ஞாபகம் வந்தது. கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம், தமிழ்நாடு. பொம்மசந்திராவுக்கு பைக்கிலேயே போய் வந்துவிடலாம். வண்டிக்குப் புது எண் வேண்டாம், கார்டில் முகவரி மாற்றினால் போதும், பிள்ளை இன்னொரு அரசுப் பள்ளிக்கு மாறுகிறாள், அவ்வளவுதான். விசாரித்ததில் வாடகை பத்தாயிரத்துக்குள், அட்வான்ஸ் ஐம்பதாயிரம் சொல்கிறார்கள். வாடகையில் மூவாயிரம் கூடுகிறது, பெட்ரோல் மூவாயிரம், தொழில் வரி இருநூறு போக மாதம் 7,800 நிற்கிறது. அத்திப்பள்ளி நெரிசலில் தினமும் நிற்க வேண்டும், மழை நாளில் கஷ்டம். இருந்தாலும் மாப்பிள்ளை சரி என்றுவிட்டார்.

அடுத்த மாதம் முதல் தேதி வேலையில் சேர வேண்டும். ஓசூரில் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில், தண்ணீர் வசதியோடு சின்ன வீடு ஏதாவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். மாடி என்றாலும் பரவாயில்லை.