சராசரி மார்க்க மட்டும் பாத்து ஸ்கூல எடை போடாதீங்க

அமெரிக்க பப்ளிக் மிடில் ஸ்கூல் ஒண்ணுல இங்கிலீஷ் கத்துக்கிற பசங்க (வீட்டுல வேற பாஷை பேசுற, இங்கிலீஷ் இன்னும் சரியா வராத பசங்க) பாஸ் பர்சன்டேஜ் ரொம்ப கம்மி, அதனால டீச்சிங் சரியில்லன்னு கட்டுரைல முடிச்சிட்டீங்க, எனக்கு மனசு கேக்கல. அந்த குரூப்புல ஒரு பையன் இங்கிலீஷ் நல்லா கத்துக்கிட்டு அந்த இங்கிலீஷ் டெஸ்ட் பாஸ் பண்ணிட்டான்னா கொஞ்ச வருஷத்துல அந்தக் கணக்குலேந்தே வெளிய போயிடுவான், புதுசா வந்த பசங்க அந்த இடத்துக்கு வந்துடுவாங்க, அப்புறம் நம்பர் எப்படிங்க ஏறும்?

என் பையன் ஆறாம் கிளாஸ்ல இங்க சேந்தப்போ பின்னம் எல்லாம் அத்துப்படி, ஆனா கணக்குல 'அட் லீஸ்ட்'னு (குறைஞ்சதுன்னு அர்த்தம்) இங்கிலீஷ்ல வந்ததும் பென்சில வச்சிட்டு முழிச்சான். அது கணக்கு தெரியாததா?

அப்புறம் ஏழைப் பசங்க எத்தன பேர்னு காட்ட நீங்க கட்டுரைல போட்ட அந்த இலவச லஞ்ச் பர்சன்டேஜ். வறுமைக்கோட்டுல 130% வரைக்கும் வருமானம்னா இலவசம், 185% வரைக்கும் குறைஞ்ச விலை. நிறைய ஸ்கூல்ல இப்ப எல்லாருக்குமே இலவசம், அத வச்சு ஏழைங்க எத்தன பேர்னு எப்படி எண்றது?

அதே பசங்க ஆறாவதுலேந்து எட்டாவதுக்குள்ள எவ்ளோ முன்னேறினாங்கன்னு தயவுசெஞ்சு அதப் போடுங்க.