கெர்னல் டாஸ்க் குற்றவாளி அல்ல

மேக் ஓஎஸ் அப்டேட்டுக்குப் பிறகு, மேக் கணினியின் அடிப்படை வேலைகளைப் பார்க்கும் ‘கெர்னல் டாஸ்க்’ 400% சிபியு (செயலி) காட்டுகிறது, அதுதான் பிழை, மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட்டை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

முதலில் அந்த எண். எது எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று பட்டியலிடும் ஆக்டிவிட்டி மானிட்டரில், சிபியுவுக்குள் இருக்கும் ஒவ்வொரு கோரும் (தனியாகக் கணக்குப் போடும் பகுதி) தனித்தனி 100%. எட்டு கோர் இருந்தால் உச்சம் 800%. ஆக 400 என்பது பாதிதான்.

அப்புறம், கெர்னல் டாஸ்க்கின் வேலைகளில் ஒன்று சூட்டைக் கட்டுப்படுத்துவது. சிபியு கொதிக்க ஆரம்பித்தால், மற்ற புரோகிராம்களுக்குக் கிடைக்கும் நேரத்தை இது பிடுங்கிக்கொள்ளும். காட்டும் சதவீதம் பெரும்பாலும் அந்தத் தடுப்புதான், உழைப்பு இல்லை. தீயணைக்க வந்தவரைப் பிடித்து ஏன் தீ வைத்தாய் என்று கேட்கிறோம்!

சூடேற்றுவது யார் என்று அதே பட்டியலில் கீழே பாருங்கள். பெரிய அப்டேட் முடிந்ததும் ‘எம்டிஎஸ்_ஸ்டோர்ஸ்’, ‘எம்டி ஒர்க்கர்’, ‘போட்டோ அனாலிசிஸ்டி’ இருக்கும். முதல் இரண்டும் ஸ்பாட்லைட்டின் தேடல் அட்டவணையைப் புதுப்பிக்கின்றன, மூன்றாவது படங்களை அலசுகிறது. சார்ஜரில் போட்டு, மெஷின் தூங்காமல் ஓர் இரவு விட்டால் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ஃபைல் நிறைய இருந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

ஸ்பாட்லைட்டை அணைத்தால் ஃபைல்களைத் திறந்து பார்க்கும் ஃபைண்டரிலும் மெயிலிலும் தேடல் ஒழுங்காக வேலை செய்யாது. அதற்குப் பதில், அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் மேக்கை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே அமைதியாக இருந்தால், பழைய ஆன்டிவைரஸ் மாதிரி ஸ்டார்ட்அப்பில் ஓடும் ஏதோ ஒன்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.